ஏலத்தில் நான் வைக்கும் ஒரே எண்

பழைய இசைத்தட்டுகளை இணைய ஏலத்தில் விற்பது என் தொழில். ஐம்பதுகளின் 78 சுழற்சித் தட்டுகள், எழுபதுகளின் ஈ.பி.க்கள், எண்பதுகளின் இளையராஜா எல்.பி.க்கள் எல்லாம் சென்னையில் என் வீட்டிலிருந்து டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் கோலாலம்பூருக்கும் போகின்றன. தட்டின் விலை அதிகம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர் அநேகமாக யாருமில்லை. சச்சரவு என்று வந்தால் தபால் செலவில்தான் வரும். ஓர் எல்.பி.யை நூறு டாலர் வரை போட்டியிட்டு எடுத்தவர், அட்டைப் பெட்டிக்கு நான் போட்ட இரண்டு டாலரைக் கேட்டு நீளமாகக் கடிதம் எழுதுவார்.

அவரைக் கஞ்சர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமில்லை. தொடக்க விலையை நான் வைத்தாலும் முடிவு விலையை வைப்பது வாங்குபவர்தான். எதுவரை ஏறலாம், எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் அவர் முடிவு. கடைசி நிமிடத்தில் இன்னும் ஐந்து டாலர் கூட்டிக் கேட்டதும் அவரே. தானே வைத்த விலை யாருக்கும் உறுத்துவதில்லை. தபால் செலவு அப்படியில்லை. அது விற்பவன் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதிய எண். அதில் வாங்குபவருக்குப் பேரமும் இல்லை, போட்டியும் இல்லை. நான் நேர்மையானவனா என்பதை அறிய அவருக்குக் கிடைத்திருப்பது அந்த ஓர் எண்தான். அதனால்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இது புரிந்த நாளிலிருந்து இந்தச் சண்டைகளைத் தொல்லையாக நான் எண்ணுவதில்லை. வாங்குபவர் கேட்பது கணக்கு. கணக்குக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

சந்தேகத்தின் வேர்

வாங்குபவர்களின் சந்தேகம் சும்மா முளைத்ததல்ல. 1995இல் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத் தளம்தான் பிறகு ஈபே என்று பெயர் பெற்றது. அதில் பல ஆண்டுகள் விற்பவரிடம் கமிஷன் வாங்கியது முடிவு விலைக்கு மட்டும்தான். தபால் செலவுக்குக் கமிஷன் கிடையாது. சில விற்பனையாளர்கள் இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பொருளை 99 சென்ட்டுக்குப் போட்டுவிட்டு, தபால் செலவு 25 டாலர் என்று எழுதினார்கள். லாபம் முழுவதும் தபால் செலவுக்குள் ஒளிந்துகொண்டது. பொருளைத் திருப்பி அனுப்பினால் விலையை மட்டும் கொடுத்துவிட்டுத் தபால் செலவைத் தாங்களே வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

தளமும் சும்மா இருக்கவில்லை. 2007இல் வாங்குபவர்கள் நான்கு தலைப்புகளில் நட்சத்திரம் கொடுக்கும் முறை வந்தது. பொருள் சொன்னபடி இருந்ததா, விற்பவர் ஒழுங்காகப் பதில் சொன்னாரா, சீக்கிரம் அனுப்பினாரா என்பவற்றோடு, தபால் மற்றும் பேக்கிங் கட்டணம் நியாயமானதா என்பது நான்காவது கேள்வி. 2008இலிருந்து விற்பவர் வாங்குபவரைப் பற்றி மோசமான கருத்து எழுத முடியாமல் போனது. 2011இல் அமெரிக்கத் தளத்தில் தபால் செலவையும் சேர்த்துக் கமிஷன் கணக்கிட ஆரம்பித்தார்கள். நம் பக்கம், பாஸீ என்ற இந்தியத் தளத்தை ஈபே 2004இல் வாங்கியது. அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. அதற்குப் பிறகு என்னைப் போன்றவர்களுக்கு ஏலத்தில் வெளிநாட்டு விற்பனையே பிரதானமாயிற்று.

விதிகளால் அந்தத் தந்திரம் குறைந்தது. அதில் ஏமாந்தவர்களின் நினைவு குறையவில்லை. என்னிடம் முதல்முறை வாங்குகிற ஒருவர் முன்பு யாரிடமோ பட்ட அடியோடுதான் வருகிறார்.

எடையும் இடமும்

தபால் செலவை நியாயமாக எழுத வேண்டும் என்றால் முதலில் அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓர் எல்.பி. உறையோடு சேர்த்து ஏறத்தாழ கால் கிலோ. அதை அப்படியே ஒரு கவரில் போட்டு அனுப்பினால் வழியில் தட்டு அசைந்து உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். ஆகவே தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனி உள்ளுறையில் வைத்து, இரண்டையும் சேர்த்து இருபக்கமும் கெட்டி அட்டை கொடுத்து, அதன்மேல் பெட்டி மடிக்க வேண்டும். கால் கிலோ தட்டு அரைக் கிலோ பார்சலாகிவிடும்.

உள்நாட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கட்டணம் எடையைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும், தூரத்தைப் பொறுத்தும் ஏறும். 500 கிராம் ஒரு முக்கியமான படி. 490 கிராமுக்கு ஒரு கட்டணம், 510 கிராமுக்கு அடுத்த கட்டணம். இதோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். கூடுதலாக ஓர் அட்டை வைத்தால் தட்டு பத்திரம், ஆனால் படி தாண்டிவிடும். அந்த அட்டையை வைப்பதா வேண்டாமா என்பதை ஏலம் போடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

தனியார் கூரியரில் கணக்கே வேறு. அங்கே எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வருகிற எண், உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 78 சுழற்சித் தட்டு அரக்கு கலந்து செய்தது, கீழே விழுந்தால் தூள்தான். அதைப் பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் நாலு பக்கமும் பஞ்சணை கொடுத்து அனுப்ப வேண்டும். ஐந்து தட்டுகள் அடங்கிய அப்படிப்பட்ட பெட்டி 34க்கு 34க்கு 14 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 16,184. வகுத்தால் 3.24 கிலோ. தராசில் அது இரண்டு கிலோதான் காட்டும். கூரியர்காரர் அரைக் கிலோ படியாக உயர்த்தி மூன்றரைக் கிலோவுக்குப் பில் போடுவார். வாங்கியவர் வீட்டில் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு கிலோவுக்கா இவ்வளவு என்று கேட்பார். அவர் கேட்பதும் சரி, நான் கொடுத்ததும் சரி. நடுவில் இருக்கும் பெருக்கலை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்வது என் வேலை.

முத்திரையைக் கூட்டிப் பார்த்தவர்

டொராண்டோவில் இருந்த ஒரு பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். பழைய நாடகப் பாடல் தட்டுகள் சிலவற்றை எடுத்திருந்தார். பார்சல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, பெட்டியில ஒட்டின முத்திரையள் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தனான். நீங்கள் என்னட்ட வாங்கின காசு அதைவிடக் கூட. மிச்சம் எங்க போச்சுது?”

குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிறவரின் நிதானம் இருந்தது. பெட்டி, அட்டை, டேப், மேலே சுற்றித் தைத்த காடாத்துணி, தையல் கூலி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்றார். தபால் ஆபீஸுக்கு ஆட்டோ என்றதும் நிறுத்தினார்.

“அது உங்கட வியாபாரச் செலவெல்லோ தம்பி? கடைக்காரர் கடைக்குப் போற பஸ் காசை என்னட்டக் கேக்கிறதில்லையே?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆட்டோ பணத்தை அன்றே அவர் கணக்கில் திருப்பினேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு கோடு தெளிவாக இருக்கிறது. பார்சலோடு புறப்பட்டு வாங்குபவர் வீடுவரை போகிறவை அவர் கணக்கு: முத்திரை, பெட்டி, அட்டை, துணி, இன்ஷூரன்ஸ். என் பக்கத்திலேயே தங்கிவிடுகிறவை என் கணக்கு: ஆட்டோ, என் நேரம், கத்தரிக்கோல், தளத்தின் கமிஷன். இவற்றை நான் தொடக்க விலையில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு எந்தச் சச்சரவையும் சில நிமிடங்களில் தீர்க்க முடிகிறது. எது யார் கணக்கு என்று எனக்கே குழப்பம் இருந்தால் அவருக்கு நான் என்ன விளக்கம் கொடுப்பது?

தட்டைவிடத் தபால் அதிகமா?

இந்தியத் தளம் இருந்த காலத்தில் கவுகாத்தியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் 78 சுழற்சித் தட்டு ஒன்றை எடுத்தார். போட்டியே இல்லாமல் தொடக்க விலைக்கே முடிந்துவிட்டது. தபால் செலவு அந்த விலையைவிட அதிகம். பட்டியலில் அது எழுதித்தான் இருந்தது. ஆனாலும் இன்வாய்ஸில் இரண்டு தொகைகளையும் அடுத்தடுத்துப் பார்த்ததும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. பொருளைவிட அதை அனுப்பும் செலவு அதிகமாக இருப்பது முறையா என்று கேட்டு எழுதினார்.

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம் வருவது. பொருள் மலிவாகக் கிடைத்தால் தபாலும் மலிவாக இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. தராசுக்கு ஏல விலை தெரியாது. இருநூறு ரூபாய்த் தட்டுக்கும் இருபதாயிரம் ரூபாய்த் தட்டுக்கும் சென்னையிலிருந்து கவுகாத்திக்கு ஒரே கட்டணம்தான். இதை அப்படியே சொன்னால் அவர் வாயை அடைத்துவிடலாம், ஆனால் ஆளை இழந்துவிடுவோம். நான் எழுதிய பதிலில் எடை, தூரப் பிரிவு, பெட்டிச் செலவு மூன்றையும் வரிவரியாகப் போட்டேன். அதே பெட்டியில் இன்னும் இரண்டு தட்டுகளுக்கு இடமிருக்கிறது, சேர்த்து எடுத்தால் கூடும் கட்டணம் இவ்வளவுதான் என்றும் சொன்னேன். வேண்டாம் என்றால் ரத்து செய்துகொள்ளலாம், அவர் பெயருக்குப் புகார் எதுவும் போட மாட்டேன் என்றும் எழுதினேன். அவர் மூன்று தட்டுகளாக எடுத்துக்கொண்டார். தட்டு ஒன்றுக்கு விழும் தபால் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது.

தபால் இலவசம் என்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. விலை நிர்ணயித்து விற்கும் பொருளுக்கு அது நல்ல வழி. அப்படிப் போடுகிறவர்களுக்குத் தபால் செலவுத் தலைப்பில் ஐந்து நட்சத்திரமும் தானாகவே கிடைத்துவந்தது. ஏலத்தில் அது சரிப்படாது. விலை எங்கே நிற்கும் என்று தெரியாத இடத்தில் செலவை விலைக்குள் புதைக்க முடியாது. தொடக்க விலையை உயர்த்திப் புதைத்தால் முதல் கேட்பே வராது.

சேர்த்து அனுப்பும் கணக்கு

பாரிஸில் ஒரு சேகரிப்பாளர் ஒரே வாரத்தில் ஏழு ஈ.பி.க்களை எடுத்தார். ஒவ்வொன்றும் தனி ஏலம். கணினி ஒவ்வொன்றுக்கும் முழுத் தபால் செலவு போட்டது, அவரும் மொத்தமாகக் கட்டிவிட்டார். பிறகுதான் கூட்டிப் பார்த்துக் கொதித்தார். ஈ.பி. ஒன்று உறையோடு ஐம்பது கிராம் அளவில்தான் வரும். ஏழும் ஒரே கட்டாகப் போகும். அப்போது வெளிநாட்டுக்குச் சிறு பொட்டலமாக இரண்டு கிலோ வரை அனுப்ப முடிந்ததால் இடத்துக்கும் எடைக்கும் பஞ்சமில்லை. அவர் கடிதம் வந்த அன்றே வித்தியாசம் முழுவதையும் திருப்பினேன், ரசீதின் படத்தோடு.

இந்த வகைச் சண்டையைத் தீர்ப்பதைவிட வராமல் தடுப்பது சுலபம். என் ஒவ்வொரு பட்டியலிலும் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன. முதல் தட்டுக்குத் தபால் செலவு இவ்வளவு, அடுத்த ஒவ்வொன்றுக்கும் கூடுதல் இவ்வளவு. ஒன்றுக்கு மேல் எடுப்பவர்கள் பணம் கட்டும் முன் என்னிடம் மொத்தத் தொகை கேளுங்கள். கட்டிய தொகை உண்மைச் செலவைவிட அதிகமென்றால் மிச்சம் கேட்காமலே திரும்பி வரும்.

மூன்றாவது வரிதான் உயிரானது. கேட்டபின் கொடுக்கும் பணம் அகப்பட்டுக்கொண்டு கொடுத்ததுபோல் தெரியும். கேட்கும் முன் வருகிற ஒரு டாலர், அடுத்த ஏலத்தில் அவரை என் பட்டியலுக்கு அழைத்து வருகிறது. நான் குறைத்துக் கணக்கிட்டு, உண்மைச் செலவு கூடிப்போனால் அதை வாங்குபவரிடம் கேட்பதில்லை. எண்ணை வைத்தவன் நான். ஏலம் முடிந்த பிறகு அதைக் கூட்டும் உரிமை எனக்கு இல்லை.

வாசலில் கேட்ட பணம்

இன்னொரு வகைச் சண்டை என் எண்ணைப் பற்றியதே அல்ல, ஆனால் என் தலையில்தான் விழும். லண்டனில் ஓர் அம்மையார் பார்சலை வாங்கப் போனபோது வரியும் அதோடு எட்டு பவுண்டு கையாளும் கட்டணமும் கட்டச் சொன்னார்கள். ‘தபால் செலவு முழுதும் வாங்கிக்கொண்டு மறுபடியும் வாசலில் பணம் கேட்கிறீர்களே’ என்று எழுதினார். அந்தப் பணத்தில் ஒரு பென்னிகூட எனக்கு வருவதில்லை என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இறக்குமதி வரி வாங்குபவர் நாட்டு அரசுக்குப் போவது. விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். பிரிட்டனில் 2021 ஜனவரி 1 முதல் 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு வாட் வரியை விற்பனைத் தளமே முன்கூட்டி வாங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1 அன்று நீங்கியது. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொருளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிவுக்கு வந்தது. அந்த மாற்றத்தையொட்டி நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான அனுப்புதல்களை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்திவைத்து, அக்டோபர் 15 அன்று மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் முடிந்த ஏலங்களுக்கு அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு நானே முந்திக்கொண்டு எழுதினேன்: காத்திருக்கலாம், அல்லது தபால் செலவோடு முழுப் பணமும் திரும்பும். பெரும்பாலோர் காத்திருந்தார்கள். நான் எழுதாமல் அவர்கள் எழுதும்வரை இருந்திருந்தால் அதே மனிதர்கள் புகார் கொடுத்திருப்பார்கள்.

இந்த வரிச் சண்டையில் ஓர் அபாயமும் உண்டு. சுங்க அறிவிப்புச் சீட்டில் ‘அன்பளிப்பு, மதிப்பு ஐந்து டாலர்’ என்று எழுதுங்கள் என்று சிலர் கேட்பார்கள். நயமாகத்தான் கேட்பார்கள், நல்ல வாடிக்கையாளர்களும் கேட்பார்கள். நான் மறுத்துவிடுவேன். அது பொய் அறிவிப்பு, சட்டப்படி குற்றம். தட்டு உடைந்தாலோ தொலைந்தாலோ சீட்டில் எழுதிய ஐந்து டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்கவும் வழியில்லை. தபால் செலவில் உண்மையைக் கேட்கிறவருக்குச் சுங்கச் சீட்டிலும் உண்மையைத்தான் கொடுக்க முடியும் என்று சொல்வேன்.

விட்டுக்கொடுப்பதும் நிற்பதும்

தட்டு உடைந்து போய்ச் சேர்ந்தால் விவாதமே கிடையாது. படம் அனுப்பச் சொல்வேன். விலை, தபால் செலவு இரண்டும் முழுதாகத் திரும்பும். உடைந்த துண்டுகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவரை இன்னொரு தபால் செலவுக்கு ஆளாக்குவதில்லை. சொன்ன தரத்தில் தட்டு இல்லை என்றாலும் போகவர இரண்டு செலவும் என்னுடையதுதான். மனம் மாறித் திருப்புகிறவருக்கு விலையைத் தருவேன், தபால் செலவைத் தர மாட்டேன். அந்தப் பணம் தபால் ஆபீஸில் செலவாகிவிட்டது, அவருக்காகத்தான் செலவானது.

விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. ‘தபால் செலவில் பத்து டாலர் திருப்பு, இல்லையென்றால் மோசமான கருத்து எழுதுவேன்’ என்று மிரட்டுகிறவர்கள் சிலர். இப்படி மிரட்டுவது தளத்தின் விதிப்படியே தவறு. அவர்களோடு தொலைபேசியில் பேசுவதில்லை. தளத்தின் செய்திப் பெட்டியிலேயே, ரசீதையும் எடைப் படத்தையும் இணைத்து, மரியாதையாக ஒரே ஒரு பதில் எழுதுவேன். நடுவர் பார்க்கும்போது பேச்சு எதுவும் நிற்காது, காகிதம்தான் நிற்கும். பயந்து பத்து டாலர் கொடுத்தால், நியாயமாகக் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிற மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அது துரோகம்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே எண்ணாகவும் அதற்குள் அடங்கிய டெலிவரி, தபால், கையாளும் கட்டணம், வரி ஆகியவற்றைப் பிரித்தும் காட்டச் சொல்கின்றன. 2023இல் வந்த வழிகாட்டு நெறிகள், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கட்டணம் சேர்ப்பதை ஏமாற்று உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கின்றன. ஏமாற்றப்பட்டதாக நினைக்கும் வாங்குபவர் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். விற்பவர்கள் இந்த விதிகளைச் சுமையாகப் பார்க்க வேண்டியதில்லை. பிரித்து எழுதிய கணக்கு வாங்குபவரைக் காப்பதைப் போலவே விற்பவனையும் காக்கிறது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் தட்டைப் பற்றித்தான். எங்கே வாங்குவது, எப்படிக் கழுவுவது, படம் எப்படி எடுப்பது. நான் அவர்களுக்குச் சொல்வது இது. படம் எடுக்கும் முன் பேக் செய்து பாருங்கள். பேக் செய்ததை எடை போடுங்கள், அளவெடுங்கள். எந்த ஊருக்கு எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு, சேர்த்து எடுத்தால் எவ்வளவு என்று எழுதுங்கள். அந்த எண்ணை யார் எப்போது கேட்டாலும் ரசீதோடு காட்ட முடியும் என்று உறுதியான பிறகு ஏலத்தைத் திறங்கள். தட்டுக்கான விலையை வாங்குபவர்கள் தங்களுக்குள் போட்டியிட்டு நியாயமாகவே முடிவு செய்துகொள்வார்கள். நாம் நியாயமாக வைக்க வேண்டியது ஓர் எண்தான். அதை அவர்கள் கேட்கும் முன்பே வைத்துவிட வேண்டும்.